ஏர் பைப்பில் ஒரு கை

இன்பராஜ் கிதாரைக் கையில் எடுத்தால் தெரு நாய்கூட லைன் வீடுகளை விட்டு ஓடிவிடும் என்று மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்துப் பக்கம் ஒரு கேலிப் பேச்சு இருந்தது. கேலிதான், ஆனால் அதில் பொய் அதிகம் இல்லை. கிதார்காரன் என்றால் கம்பியை வருடுவான் என்று நினைப்போம். இவன் வருடுகிற ஜாதி இல்லை. பிடித்து இழுப்பான், அடிப்பான், கம்பி அறுந்து முகத்தில் தெறிக்கிற வரைக்கும் அழுத்துவான். "கம்பியோட உனக்கு இன்னாப்பா பகை?" என்று கேட்காத ஆள் கிடையாது. பகையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. விரல் கம்பியில் பட்டதே அவனுக்குத் தெரியாது. அதை மட்டும் அவன் யாரிடமும் சொல்லவில்லை.

அவன் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து சுரங்கத்தில் கல் அள்ளியவர். இன்பராஜ் எட்டாவது வரை படித்தான், மாதா கோயில் பாடகர் குழுவில் கிதார் பழகினான், மீசை முளைத்ததும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கினான். கொஞ்ச வருஷத்தில் மிஷின்காரன் ஆகிவிட்டான். மிஷின் என்றால் பாறையில் துளை போடுகிற மிஷின். மேலேயிருந்து இரும்புக் குழாய் வழியாக இறங்குகிற காற்றுதான் அதற்குத் தீனி. அந்தக் குழாய்க்குப் பேர் ஏர் பைப்பு. மிஷினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றால் பல் ஆடும், எலும்பு ஆடும். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து பாயில் விழுந்த பிறகும் உடம்பு தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். லைனில் பாதி ஆம்பிளைகளுக்கு அப்படித்தான், யாரும் அதைப் பெரிசாகப் பேசுவதில்லை.

ஒரு மார்கழிக் காலையில் பல் விளக்கும்போது மோதிர விரல் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளுத்திருந்ததைப் பார்த்தான். தேய்த்தான், ஊதினான், கொஞ்ச நேரத்தில் ரத்தம் வந்துவிட்டது. அடுத்த வருஷம் நாலு விரலும் வெளுத்தன. அதற்கடுத்து வெளுப்பதும் சிவப்பதும் ஒரு பொருட்டாகவே இல்லை, உணர்ச்சி மொத்தமாகப் போய்விட்டது. அவன் மனைவி மரியகுழந்தை ஒரு நாள் அடுப்பிலிருந்து இறக்கிய பித்தளை டம்ளரைத் துணியால் பிடித்து அப்படியே நீட்ட, அவன் வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஐயோ, கீழ வைங்க! கை வெந்துபூடும்!"

அவன் குனிந்து பார்த்தான். விரல் நுனியில் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. "மிஷின் பிடிச்ச கை, தோல் தடிச்சிப்போச்சு" என்று சிரித்து மழுப்பினான். மிஷின்காரனுக்குக் கை போய்விட்டது என்று மேலே தெரிந்தால் மறுநாளே லேம்ப் ரூமில் விளக்கு துடைக்க உட்கார வைத்துவிடுவார்கள். நேற்று வரைக்கும் "மிஷின்காரரே" என்று கூப்பிட்டவன் எல்லாம் இன்றைக்கு "ஏம்பா, லேம்பு" என்பான். அந்த அவமானத்தை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மிஷினில் அவனுக்குத் துணை ஆள் சின்னப்பா. பௌத்தக் குடும்பத்துப் பையன், ஒல்லி, ஓயாமல் பேசுவான். ஆனால் மிஷின் ஓடும்போது பேச்சு எங்கே கேட்கும்? அதனால் கையிலிருக்கிற ஸ்பேனரால் ஏர் பைப்பில் தட்டித்தான் சங்கதி சொல்வான். காற்றை நிறுத்து என்றால் ஒரு விதம், துளை போடுகிற கம்பியை மாற்று என்றால் இன்னொரு விதம். வேலை முடிந்து கிளம்பலாம் என்பதற்கு மட்டும் அவன் சொந்தமாக ஒன்று வைத்திருந்தான். விடாமல் மூன்று, கொஞ்சம் நிறுத்தி ஒன்று. அதே மூன்றையும் ஒன்றையும்தான் வீட்டுக்குப் போய்க் கதவிலும் தட்டுவான். அவன் பெண்டாட்டி சரோஜா உள்ளே இருந்தபடியே, "வந்துட்டாருய்யா துரை" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்பராஜின் பேண்டு பழகுகிற இடத்துக்கும் சின்னப்பா வந்து உட்கார்ந்துகொள்வான். பேண்டுக்கு டீப் லெவல்ஸ் என்று பேர். பாடுவது சிரில். ஸ்டோர்ஸில் வேலை, தேன் குரல், தேனைவிட இனிப்பான தலைவாரல். டிரம்ஸ் டக்ளஸ். எலெக்ட்ரிக் ஷாப்பில் இருந்ததால் பழைய ரேடியோவையும் ஒரு ஒலிபெருக்கியையும் பிரித்துச் சேர்த்து ஆம்ப்ளிஃபயர் ஒன்று செய்து வைத்திருந்தான். இன்பராஜ் கை வைத்தால் அது கரகரவென்று இரும்பை அறுக்கிற மாதிரி அலறும்.

"மெதுவா வாசி மேன்! பொண்ணுங்க டான்ஸ் ஆட வர்றாங்க, பாறை ஒடைக்க வரல" என்று சிரில் கத்துவான்.

சின்னப்பா ஒருத்தன்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரிக்கிறவன். "அண்ணா, இது நம்ம மிஷின் சத்தம்ணா. உட்டுடாத, இன்னும் கொஞ்சம் அடி" என்பான். ஊரில் இன்பராஜ் கிதாருக்கு ஒரு ரசிகன் இருந்தான் என்றால் அவன் ஒருவன்தான்.

ஏர் பிளாஸ்ட் அன்றைக்குக் காலை ஷிஃப்டில் நடந்தது. ஏர் பிளாஸ்ட் தெரியுமா? தெரியாவிட்டால் நல்லது. அவ்வளவு ஆழத்தில் பாறை தன் பாரம் தாங்காமல் சில நேரம் தானாக வெடிக்கும். மேலே வீட்டில் பாத்திரம் உருளும். கீழே இருக்கிறவன் பிழைப்பது அவனவன் அதிர்ஷ்டம். இன்பராஜ் கூர் மழுங்கிய கம்பிகளைப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி எடுத்து வர, கேஜ் வந்து நிற்கிற ஸ்டேஷன் பக்கம் நடந்திருந்தான். சின்னப்பா மிஷினோடு அங்கேயே இருந்தான். திடீரென்று காற்று ஒரு உதை உதைத்து இவனைக் கீழே தள்ளியது. எழுந்து பார்த்தால் வந்த வழி முழுக்கக் கல். காதில் 'ங்' என்று ஒரே சத்தம், வேறெதுவும் கேட்கவில்லை.

ஃபோர்மேன் ஆட்களோடு ஓடி வந்தார். வந்தவர்களுக்கும் காது போயிருந்தது. அப்படிப்பட்ட நேரத்துக்குச் சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்லுக்குள் மாட்டிக்கொண்டவன் உயிரோடு இருந்தால் ஏர் பைப்பைத் தட்டுவான். வெளியே இருப்பவன் பைப்பில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான். காதுக்குக் கேட்காதது கைக்குத் தெரியும். தட்டு வந்தால் உடனே பதில் தட்ட வேண்டும், இது யாரும் மீறாத கட்டளை. பதில் கேட்டால்தான் உள்ளே இருப்பவன் மனம் விடாமல் மூச்சைப் பிடித்துக் கிடப்பான். தட்டு வந்தால் எந்த ஆபத்தையும் பார்க்காமல் கல்லைப் புரட்டிக்கொண்டு போவார்கள். வராவிட்டால் முதலில் மரம் முட்டுக் கொடுத்து, கூரையைத் தாங்கவிட்டு, அப்புறம்தான் ஒவ்வொரு கல்லாக எடுப்பார்கள். செத்தவனுக்காக இருக்கிறவனைச் சாகக் கொடுக்க முடியாது அல்லவா?

ஃபோர்மேன் சுற்றிலும் பார்த்துவிட்டு இன்பராஜின் தோளைப் பிடித்து இழுத்தார். சைகையும் சத்தமுமாகச் சொன்னார். "நீ வைய்யா. கிதார் வாசிக்கிற கை. இத்தினூண்டு ஆடினாலும் உனக்குத்தான் தெரியும்."

அந்த நேரத்திலாவது அவன் வாயைத் திறந்திருக்கலாம். பக்கத்திலேயே வேறு ஆட்கள் நின்றார்கள், ஒருத்தன் கையும் சாகவில்லை. இன்பராஜ் குனிந்து ஏர் பைப்பில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான். எதுவும் தெரியவில்லை. பைப்பு சூடா, குளிரா என்பதுகூடத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தானோ, பிறகு தலையை ஆட்டினான். "இல்ல."

ஃபோர்மேன் மரம் கொண்டு வரச் சொன்னார். மரம் வந்து, முட்டுக் கொடுத்து, கல்லை எடுத்து உள்ளே போகும்போது அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் இறங்கிவிட்டார்கள். சின்னப்பா பெரிய கல் ஒன்றுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான். உடம்பில் பெரிய காயம் இல்லை. அங்கே பாறையே அடுப்பாகக் கொதிப்பதால் உடம்பு ஆறவுமில்லை, உயிர் எப்போது போனது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கையில் ஸ்பேனர் இருந்தது. அவனுக்கு எட்டுகிற உயரத்தில் ஏர் பைப்பில் ஓர் இடம் துரு உதிர்ந்து பளபளவென்று மின்னியது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். யாரும் இன்பராஜைப் பார்க்கவில்லை. ஏர் பிளாஸ்டுக்கு முன்னாலேயே வேலை நேரத்தில் தட்டினதாக இருக்கும் என்று ஒருத்தர் சொன்னார். மற்றவர்கள் ஆமாம் என்றார்கள்.

அடக்கத்தின்போது பஞ்சசீலம் சொன்னார்கள். சரோஜா வெள்ளைச் சேலையில் தூண் மாதிரி நின்றாள். இன்பராஜ் அழவில்லை. அழுகை வரும் என்று அவனும் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தான், வரவில்லை. கை மரத்தது போதாதென்று இப்போது ஆளே மரத்துவிட்டான். சோறு தின்றான், ருசி தெரியவில்லை. ஷிஃப்டுக்குப் போனான், புதுத் துணை ஆளோடு துளை போட்டான். மரியகுழந்தை, "ஒரு வார்த்தையாவது பேசுங்களேன், எனக்கு பயமா கீது" என்று அழுதாள். அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் அதற்குமேல் எதுவும் உள்ளேயிருந்து கிளம்பி வரவில்லை.

நாலைந்து மாதம் கழித்து சிரில் குதித்துக்கொண்டு வந்தான். பெங்களூரில் ஒரு சின்ன ரிகார்டு கம்பெனி பல பேண்டுகளைச் சேர்த்து ஒரு எல்பி ரிகார்டு போடுகிறது, டீப் லெவல்ஸுக்கும் ஒரு பாட்டு இடம் கிடைத்திருக்கிறது. "வாழ்க்கை மாறப்போவுது மேன்!" என்று இன்பராஜைக் கட்டிப் பிடித்தான். இன்பராஜ் சரி என்றான். ரயில் ஏறச் சொன்னால் ஏறினான்.

ஸ்டுடியோவில் சிரில் எழுதிய காதல் பாட்டைப் பதிந்தார்கள். இன்பராஜை மைக்கிலிருந்து தள்ளி மூலையில் உட்கார வைத்ததால் அது இனிமையாகவே வந்தது. முடிந்ததும் ரிகார்டிங்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, ஒரு பேண்டு வரவில்லை, ரிகார்டில் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கிறது, எதையாவது வாசியுங்கள் என்றார். சிரிலிடம் வேறு பாட்டு இல்லை. அவன் முழித்துக்கொண்டிருக்கும்போதே இன்பராஜ் ஆம்ப்ளிஃபயரின் திருகைக் கடைசி வரைக்கும் திருகிவிட்டுக் கம்பியில் கையைப் போட்டான்.

அது பாட்டா என்று கேட்டால் யார் சொல்ல முடியும்? முதல் அடியிலேயே ரிகார்டிங்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கீழே போட்டார். இரும்பு பாறையைக் கடிக்கிற சத்தம், காற்று சீறுகிற சத்தம், அதன்மேல் அதே சத்தம் இன்னும் பெரிதாக. டக்ளஸ் ஒரு நிமிஷம் வாயைப் பிளந்துவிட்டு, பிறகு புரிந்துகொண்டவனாக மிஷின் ஓடுகிற வேகத்தில் டிரம்ஸை அடிக்க ஆரம்பித்தான். சிரில் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் போய்விட்டான். உச்சத்தில் இருக்கும்போதே இன்பராஜ் உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கினான். எல்லாம் நின்றது. கிதாரின் கட்டையில் விரல் முட்டியால் தட்டினான். விடாமல் மூன்று, நிறுத்தி ஒன்று. மறுபடி மூன்று, ஒன்று. டக்ளஸ் எழுந்து வந்து தோளைத் தொடும் வரை தட்டிக்கொண்டே இருந்தான். முட்டியில் தோல் பிய்ந்து ரத்தம் கட்டையில் வழிந்திருந்தது. டக்ளஸ் காட்டிய பிறகுதான் பார்த்தான்.

பேர் என்ன போடுவது என்று கேட்டார்கள். "ஏர் பைப்" என்றான் இன்பராஜ்.

எல்பி வந்தது. சிரிலின் காதல் பாட்டை ரேடியோவில் ஒரு தடவை போட்டார்கள். 'ஏர் பைப்'பைப் பற்றிப் பெங்களூர்ப் பத்திரிகை ஒன்று, இதைக் கேட்க நேர்ந்தவர்களுக்குக் கம்பெனி நஷ்டஈடு தர வேண்டும் என்று எழுதியது. ராபர்ட்சன்பேட்டை பஜாரில் ரேடியோ கடை வைத்திருந்த கோதண்டராமன், உள்ளூர்ப் பிள்ளைகளாயிற்றே என்று வாசலில் பெட்டியை வைத்துப் போட்டார். பக்கத்துத் துணிக்கடைக்காரர் ஓடி வந்து, "வந்த கிராக்கியும் போவுதுய்யா!" என்று கையெடுத்துக் கும்பிட, ஊசியைத் தூக்கிவிட்டார். இன்பராஜ் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் விட்டு வந்த வேளையில், டக்ளஸ் ரிகார்டு பிளேயரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு லைனுக்கு வந்துவிட்டான். இன்பராஜ் வீட்டு வாசலில் கூட்டம் கூடியது. மரியகுழந்தை எல்லோருக்கும் டீ போட்டாள். சரோஜாவையும் அவளே போய் அழைத்து வந்திருந்தாள். காதல் பாட்டு ஓடியது, எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்தது அதுதான் என்று இன்பராஜுக்குத் தெரியும். சரோஜா அதைக் கேட்கக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில் எழுந்து போய் ஊசிக்கையைப் பிடித்துத் தூக்கினான். தூக்கியதாகத்தான் நினைத்தான். விரல் நடுவில் ஒன்றுமே இல்லை, ஊசி அதுபாட்டுக்கு ஓடியது. இன்னொரு தடவை முயல்வதற்குள் சத்தம் வெடித்துவிட்டது.

பெண்கள் "அய்யய்யோ" என்று காதைப் பொத்தினார்கள். யாரோ, "இன்பராஜு, மாமியார் வந்தா இத போடு" என்றதற்கு எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஷிஃப்ட் ஆட்கள் இரண்டு பேர் மட்டும் டீயைக் கீழே வைத்தார்கள். பிறகு சத்தம் நின்று, தட்டுகிற ஒலி வந்தது. மூன்று. ஒன்று. மூன்று. ஒன்று. ஒரு ஆம்பிளையும் அசையவில்லை. ஒரு கிழவர் தன்னை அறியாமல் விரலால் டம்ளரில் திருப்பித் தட்டினார். சரோஜா எழுந்து வெளியே போனாள்.

இன்பராஜ் பின்னாலேயே போனான். லைன் முழுக்கப் பேத்தமங்களா ஏரித் தண்ணீர் கொண்டுவருகிற இரும்புக் குழாய் வீடுகளுக்குப் பின்புறமாக ஓடும். இடையிடையே குழாயடி. அங்கே நின்றிருந்தாள். திரும்பியபோது அவள் முகத்தில் பல மாதங்களாக இல்லாத ஒரு வெளிச்சம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவன் பயந்தான்.

"அண்ணா, அது அவருதானே?"

அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"கையில ஸ்பேனர் இருந்துச்சின்னு எனக்குத் தெரியும்ணா. சொல்லிட்டாங்க. தட்டியிருப்பாரு, யாருக்குமே கேக்காம பூட்டுச்சோ, ஒண்டியா உக்காந்து தட்டிகினே கெடந்தாரோன்னு இத்தினி நாளா அத்தையே நெனச்சிகினு கீறேன். தூக்கமே இல்ல. நீ கேட்டிருக்க. கேக்காமயா பாட்டுல அப்படியே அடிச்சிருக்க?" அவள் கிட்டே வந்தாள். "பதில் தட்டினியாண்ணா? உள்ள அவருக்குக் கேட்டிருக்குமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் இன்றைக்கு ராத்திரி தூங்குவாள். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான்.

"இல்லம்மா" என்றான். "எனக்குத் தெரியல. பைப்புல கைய வெச்சேன், எதுவும் தெரியல. என் கை செத்துப்போயி ரொம்ப நாளாச்சு. அவன் எப்படித் தட்டுவான்னு தெரிஞ்சி நானாத்தான் அடிச்சேன்."

சரோஜா அவன் வலது கையை வெடுக்கென்று இழுத்தாள். விரல் நுனியில் நகத்தை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். ரத்தம் முளைத்தது. அவன் கை அப்படியே இருந்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

"பாவி! அங்க ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னாடா? வேற ஒருத்தன் கைய வெச்சிருப்பானே! யார் கைய வெச்சிருந்தாலும் தெரிஞ்சிருக்குமே!"

"தெரிஞ்சிருக்கும்" என்றான் இன்பராஜ்.

அவள் அவன் கையை உதறினாள். அடிப்பாள் என்று நினைத்தான், அடித்தால் தேவலை என்றிருந்தது. அவள் குழாயடியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. வாசலில் டக்ளஸ் பெட்டியை நிறுத்தியிருந்தான், லைனே அமைதியாக இருந்தது. அவள் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கீழே கிடந்த கல் ஒன்றை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள்.

"தட்டு."

"சரோஜா..."

"அன்னிக்குத் தட்டல இல்ல? இப்ப தட்டு. அவருக்கு பதில் தட்டு."

அவன் கல்லை வாங்கினான். கீழே விழுந்துவிடாமல் இருக்க இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு மண்டியிட்டான். தண்ணீர்க் குழாயில் தட்டினான். மூன்று. நிறுத்தி, ஒன்று. மறுபடியும். லைன் கோடியில் எவளோ ஒருத்தி, "யாருடா அது கொழாய ஒடைக்கிறது?" என்று கத்தினாள். அவன் நிறுத்தவில்லை.

சரோஜா குழாயில் உள்ளங்கையை வைத்தாள். அவனும் வைத்தான். அவனுக்கு வழக்கம்போல எதுவும் தெரியவில்லை. இரும்பு இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசலில் உட்கார்ந்திருந்த ஷிஃப்ட் ஆட்களில் ஒருவனோ, டம்ளரில் தட்டின அந்தக் கிழவரோ, யாரென்று கடைசிவரைக்கும் தெரியவில்லை. நாலு வீடு தள்ளி இன்னொரு குழாயடியில் யாரோ கல்லை எடுத்து மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வருதா?" என்று கேட்டான் இன்பராஜ். குரல் உடைந்து, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "சொல்லும்மா, வருதா?"

சரோஜா அவனைப் பார்க்கவில்லை. கையை எடுக்காமல் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வருதுண்ணா" என்றாள்.